ஒரே ஆண்டில் மூன்று முறை பெல்ட் மாற்றிய கம்ப்ரசர்: பவுண்டரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோவை வட்டாரத்துச் சிறு பவுண்டரிகளில் கம்ப்ரசர் நின்றால் மோல்டிங் மெஷின் நிற்கும், சிப்பிங் ஹாமர் நிற்கும், ஏர் கிரைண்டர் நிற்கும். உலையில் உருகிக் கிடக்கும் இரும்பு மட்டும் நிற்காது. அதை ஊற்றியே ஆக வேண்டும். இங்கே ஆராயப்படும் பவுண்டரியில் ஷிப்டு நடுவே கம்ப்ரசர் பெல்ட் புரண்டு வெளியே வந்து விழுந்தது. அதற்கு முன் ஓராண்டுக்குள் மூன்று முறை பெல்ட் மாற்றியாகிவிட்டது. பெல்ட் தரமில்லை என்று கடைக்காரரைக் குறை சொன்னார்கள், பிராண்டை மாற்றினார்கள், டென்ஷனை ஏற்றினார்கள். பெல்ட்டில் குறை எதுவும் இல்லை. குறை புல்லியின் பள்ளத்திலும், மோட்டார் உட்கார்ந்திருந்த கோணத்திலும், பெல்ட்டை மூடியிருக்கும் பாதுகாப்புக் கூண்டான கார்டுக்குள் சேர்ந்த மணலிலும் இருந்தது. ஆலையின் பெயர் இங்கே தேவையில்லை. இதே கோளாறு, இதே வரிசையில், மணலும் தூசியும் உள்ள எந்தப் பட்டறையிலும் வரும்.

மெஷின்

15 எச்பி, இரண்டு ஸ்டேஜ், காற்றால் குளிரும் பிஸ்டன் கம்ப்ரசர். மோட்டார் 11 கிலோவாட், நான்கு போல், 1460 ஆர்பிஎம், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (முதலில் ஸ்டார் இணைப்பில் மெதுவாகக் கிளப்பி, பிறகு டெல்டாவுக்கு மாற்றுவது). பிரஷர் சுவிட்ச், டேங்க் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 8 கிலோவுக்கு இறங்கினால் ஓடவிட்டு 10 கிலோவில் நிறுத்தும். மோட்டார் புல்லியின் பிட்ச் விட்டம் (பெல்ட் ஓடும் வட்டத்தின் விட்டம்) 200 மி.மீ., ஃப்ளைவீலின் பிட்ச் விட்டம் 450 மி.மீ., சென்டர் தூரம் ஏறக்குறைய 600 மி.மீ. பெல்ட் மூன்று, பி செக்ஷன், அதாவது மேல் அகலம் 17 மி.மீ., உயரம் 11 மி.மீ.; அளவு பி 87.

கணக்குப்படி ஃப்ளைவீல் சுற்ற வேண்டிய வேகம் 1460 × 200 ÷ 450, அதாவது 649 ஆர்பிஎம். பெல்ட் ஓடும் வேகம் நொடிக்கு 15.3 மீட்டர். இந்த வேகத்தில், இந்த அளவு சின்ன புல்லியில், மூன்று பி பெல்ட் 15 எச்பியைத் தாராளமாக இழுக்கும். பிஸ்டன் கம்ப்ரசர் லோடு சீராக வராது, அடித்து அடித்து வரும்; அதற்காக 1.3 சர்வீஸ் ஃபேக்டர் போட்டு 14.3 கிலோவாட் என்று கணக்கிட்டாலும் மூன்றே போதும். ஆக, டிரைவின் வடிவமைப்பில் தவறில்லை. இதை முதலில் உறுதி செய்துகொள்வது முக்கியம். காற்று போதவில்லை என்று யாரோ மோட்டார் புல்லியைப் பெரிதாக்கி வைத்திருக்கும் மெஷின்கள் உண்டு. அங்கே கோளாறே வேறு. மோட்டார், பெல்ட், வால்வு மூன்றுமே ஓவர்லோடில் ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்று மாற்றங்களிலும் நடந்தது

முதல் முறை மூன்று பெல்ட்டையும் சேர்த்தே மாற்றினார்கள். மோட்டாரைத் தளர்த்தாமல், ஃப்ளைவீலைச் சுற்றிக்கொண்டே கம்பியால் நெம்பி ஏற்றினார்கள். இரண்டாம் முறை அறுந்தது ஒன்றுதான் என்று ஒன்றை மட்டும் வாங்கி மாட்டினார்கள். மூன்றாம் முறை மறுபடி முழு செட், வேறு பிராண்ட். ஸ்டார்ட் ஆகும்போது கீச்சென்று சத்தம் வந்ததால் டென்ஷனை இறுக்கினார்கள். அதற்கும் சத்தம் அடங்காததால் பெல்ட் டிரெஸ்ஸிங் ஸ்பிரே அடித்தார்கள். அந்தப் பசையில் மணல் தூசி ஒட்டியது. பள்ளத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவே வால்வு தேய்க்கும் கிரைண்டிங் பேஸ்ட் வைத்த மாதிரி ஆகிவிட்டது.

கடைசியில் மோட்டாரின் புல்லி பக்கத்து பேரிங் இரைய ஆரம்பித்தது. பேரிங் மூடியின் மேல் கை வைக்க முடியாத சூடு. சில நாட்களில் பெல்ட் புரண்டது.

கழற்றிய பெல்ட் என்ன சொன்னது

பழைய பெல்ட்டைக் குப்பையில் போடுவதற்கு முன் அரை மணி நேரம் செலவிட்டுப் பார்த்தால், பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும். கழற்றும்போதே சாக்பீஸால் 1, 2, 3 என்று எண் போட வேண்டும். மோட்டார் பக்கமிருந்து எண்ணுவது வழக்கம். எந்தப் பள்ளத்தில் ஓடியது, எந்தப் பக்கம் மோட்டாரைப் பார்த்தது என்பது தெரியாவிட்டால் பெல்ட்டைப் பார்த்துப் பயனில்லை.

இங்கே மூன்று பெல்ட்டும் மூன்று விதமாக இருந்தன. மோட்டார் பக்கத்து முதல் பெல்ட்டின் அடிப்பாகம் பளபளத்தது. நல்ல வி-பெல்ட்டின் அடிப்பாகம் எதையும் தொடவே கூடாது. இரண்டு பக்கச் சுவர்களில்தான் அது பிடித்துக்கொண்டு நிற்கும். அடி பளபளக்கிறதென்றால் பெல்ட் பள்ளத்தின் தரையில் உட்கார்ந்து ஓடியிருக்கிறது. அங்கே ஆப்பு மாதிரி இறுகும் பிடி போய்விடும், வெறும் தட்டை பெல்ட்டாக வழுக்கும். நடு பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போல மினுங்கி, நகத்தால் அழுத்தினால் இறங்காத அளவுக்குக் கெட்டிப்பட்டிருந்தன. வழுக்கியதால் வந்த சூட்டில் ரப்பர் வெந்துபோன அடையாளம் இது. மூன்றாவது பெல்ட்டில் ஒரு பக்கச் சுவரின் துணி மட்டும் தேய்ந்து நூல் தெரிந்தது, மறுபக்கம் கிட்டத்தட்ட புதிது. இது அலைன்மென்ட் கோளாறு. மூன்றிலுமே உற்றுப் பார்த்தால் அதே பக்கத்தில் கொஞ்சம் கூடுதல் தேய்மானம் இருந்தது.

வேறு மெஷின்களில் வேறு அடையாளங்கள் வரும். பெல்ட் உப்பி, மெத்தென்று பிசுபிசுத்தால் கிராங்க்கேஸ் பிரீதரிலிருந்தோ ஷாஃப்ட் சீலிலிருந்தோ ஆயில் அடிக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் கருகிக் குழி விழுந்திருந்தால், பெல்ட் நிற்க புல்லி மட்டும் சுற்றியிருக்கிறது. கம்ப்ரசர் லோடோடு ஸ்டார்ட் ஆகும் இடங்களில் இது வரும். வெளித் துணி முழுசாக இருக்க, உள்ளே இழுவையைத் தாங்கும் நூல் ஒரு ஓரத்தில் அறுந்து பெல்ட் அங்கே மட்டும் துவண்டால், நெம்பி ஏற்றியிருக்கிறார்கள். அந்தச் சேதம் மாட்டிய அன்று கண்ணுக்குத் தெரியாது. சில வாரம் கழித்துப் பெல்ட் புரளும்போதுதான் தெரியும்.

பள்ளத்தின் கதை

மோட்டார் புல்லியைத் துடைத்துவிட்டு பி செக்ஷன் குரூவ் கேஜ் வைத்துப் பார்ப்பது முறை. கேஜ் கிடைக்காத இடத்தில் புது பி பெல்ட் ஒன்றிலிருந்து 50 மி.மீ. துண்டு வெட்டி ஒவ்வொரு பள்ளத்திலும் உட்கார வைத்தால் போதும். நல்ல பள்ளத்தில் துண்டின் மேல்பகுதி புல்லியின் விளிம்போடு சமமாகவோ கொஞ்சம் மேலேயோ நிற்கும். இங்கே மூன்றாம் பள்ளத்தில் சமமாக நின்றது. நடுவில் 1 மி.மீ. இறங்கியது. முதல் பள்ளத்தில் 2.5 மி.மீ. இறங்கியது. டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பார்த்தபோது, முதல் பள்ளத்தின் சுவர்கள் நேராக இல்லாமல் உள்வாங்கிக் குழிந்திருந்தன. பெல்ட்டின் மேல் விளிம்பு உரசிய இடத்தில் விரல் நகம் தட்டுகிற அளவுக்கு ஒரு படியும் விழுந்திருந்தது.

2.5 மி.மீ. என்றால் பெரிதாகத் தோன்றாது. கணக்கைப் பார்க்க வேண்டும். 200 மி.மீ. பி புல்லியின் பள்ளக் கோணம் 38 டிகிரி. இந்தக் கோணத்தில் ஒவ்வொரு சுவரும் 0.8 மி.மீ. தேய்ந்தாலே பெல்ட் 2.5 மி.மீ. கீழே போய்விடும். பள்ளச் சுவர் 0.8 மி.மீ.க்கு மேல் தேய்ந்தால் புல்லியை மாற்று என்று பெல்ட் தயாரிப்பவர்கள் சொல்வது இதனால்தான். பெல்ட் 2.5 மி.மீ. இறங்கினால் அந்தப் பள்ளத்தின் விட்டம் 5 மி.மீ. குறைகிறது, 200-க்கு 195. அதாவது ஒரே புல்லியில் முதல் பெல்ட் மற்றதைவிட 2.5 சதவீதம் மெதுவாக ஓட வேண்டும், நொடிக்கு 38 செ.மீ. குறைவாக. ஆனால் ஃப்ளைவீலில் மூன்று பள்ளமும் ஒரே அளவு. ஃப்ளைவீல் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். அப்போது ஏதோ ஒரு பெல்ட் ஓயாமல் வழுக்கியே ஆக வேண்டும். எவ்வளவு இறுக்கினாலும் இது நிற்காது. எத்தனை புது பெல்ட் போட்டாலும் நிற்காது. மூன்றாம் முறை முழு செட் மாற்றியும் பழைய முடிவே வந்ததற்கு முதல் காரணம் இதுதான்.

பி செக்ஷன் பள்ளத்தில், புதிதாக இருக்கும்போது, பெல்ட்டின் அடிக்கும் பள்ளத்தின் தரைக்கும் நடுவே ஏறக்குறைய 4 மி.மீ. இடைவெளி இருக்கும். புது பெல்ட் 2.5 மி.மீ. இறங்கியதே அதில் பாதிக்கு மேல். வழுக்கி வழுக்கி பெல்ட்டின் பக்கமும் தேய்ந்து ஒடுங்கியபோது மீதியும் இறங்கி அடியைத் தொட்டது. முதல் பெல்ட்டின் பளபளப்பு வந்த வழி அது.

முதல் பள்ளம் மட்டும் ஏன் இவ்வளவு தேய்ந்தது? இரண்டாம் முறை தனியாக மாட்டிய ஒற்றைப் புது பெல்ட் ஓடியது அதில்தான். ஓடி நீண்ட பழைய பெல்ட் இரண்டோடு புதிதாக ஒன்று சேர்ந்தால், நீளம் குறைந்த அந்தப் புதியதுதான் முழு லோடையும் வாங்கும். பழையது இரண்டும் சும்மா சுற்றும். அதிக இறுக்கமும், நடுவே மணலும் சேர்ந்தால் வார்ப்பிரும்புச் சுவர் தாங்காது. அறுந்த ஒன்றை மட்டும் மாற்றி இரண்டு பெல்ட்டின் காசை மிச்சம் பிடிப்பதன் விலை ஒரு புல்லி. மூன்றையும், ஒரே தயாரிப்பில், ஒரே நேரத்தில்தான் மாற்ற வேண்டும். இதில் விதிவிலக்கு கிடையாது.

ஃப்ளைவீல் பள்ளங்கள் நன்றாக இருந்தன. சின்ன புல்லி 2.25 மடங்கு வேகமாகச் சுற்றுகிறது, பெல்ட் அதைச் சுற்றி வளையும் நீளமும் குறைவு. தேய்மானம் எப்போதும் மோட்டார் புல்லியில்தான் முதலில் வரும்.

வழுக்கலை அளந்தது

சுற்று வேகம் அளக்கும் டேக்கோமீட்டரில் மோட்டார் 1460, ஃப்ளைவீல் 612. வர வேண்டியது 649. வழுக்கல் 5.7 சதவீதம். நல்ல நிலையில் இருக்கும் வி-பெல்ட் டிரைவில் 1 முதல் 2 சதவீதம் வரை இருப்பது இயல்பு; அதற்கு மேல் போனால் தேட வேண்டும். 11 கிலோவாட்டில் 5.7 சதவீதம் என்பது 0.6 கிலோவாட்டுக்கு மேல். அவ்வளவும் பெல்ட்டிலும் புல்லியிலும் சூடாகப் போகிறது. மோட்டாரின் எஃபிஷியன்சி 90 சதவீதம், தினமும் 16 மணி நேரம், அதில் முக்கால் பங்கு நேரம் லோடு என்று வைத்தால், மாதம் 25 வேலை நாளில் 200 யூனிட்டுக்கு மேல் வீண். அதோடு கம்ப்ரசர் தரும் காற்றும் அதே 5.7 சதவீதம் குறைகிறது. டேங்க் நிறைய நேரம் பிடிப்பதை ஆபரேட்டர்கள் கவனித்திருந்தார்கள். வால்வு பிளேட்டைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்று உண்டு. இந்த வகைக் கம்ப்ரசரில் ஃப்ளைவீல்தான் ஃபேன். அதன் ஆரங்கள் இறக்கை வடிவில் வார்க்கப்பட்டு, சிலிண்டர் ஃபின் மேலும், இரண்டு ஸ்டேஜுக்கும் நடுவே காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் மேலும் காற்றடிக்கும். வேகம் குறைந்தால் குளிர்ச்சி குறையும், ஹெட் சூடாகும், வால்வில் கார்பன் பிடிக்கும். பெல்ட் வழுக்கல் இப்படி வால்வு வரை போகிறது.

இறுக்கினால் சரியாகிவிடும் என்ற எண்ணம்

கீச்சொலி வந்தால் இறுக்குவது கை பழக்கம். ஸ்டார்ட் ஆகும் இரண்டு மூன்று நொடி மட்டும் கீச்சிட்டுப் பிறகு அடங்கினால், முதலில் அன்லோடரைப் பார்க்க வேண்டும். மெஷின் நின்றதும் ஹெட்டுக்கும், டேங்க் காற்றைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வுக்கும் நடுவே உள்ள குழாயில் காற்று ‘உஸ்’ஸென்று வெளியேறிவிட வேண்டும். அது வெளியேறாவிட்டால் அடுத்த முறை லோடோடுதான் ஸ்டார்ட் ஆகும். ஸ்டாரில் மோட்டாருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு டார்க். லோடை இழுக்க முடியாமல் திணறி, டெல்டாவுக்கு மாறும் கணத்தில் ஒரே உதையாக உதைக்கும். பெல்ட் அங்கே கருகும். இந்த மெஷினில் அன்லோடர் நன்றாகத்தான் வேலை செய்தது. கீச்சொலி ஓட்டத்திலும் தொடர்ந்து வந்தது. அதனால் சந்தேகம் பள்ளத்துக்கே திரும்பியது.

அதிகமாக இறுக்கியதன் பலன் மோட்டார் பேரிங்கில் விழுந்தது. பால் பேரிங்கின் ஆயுள் அதன் மேல் விழும் பாரத்தின் கனமடிக்குத் தலைகீழாகக் குறையும். பாரம் ஒன்றரை மடங்கானால் ஆயுள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. இரண்டு மடங்கானால் எட்டில் ஒரு பங்கு. கம்ப்ரசர் பக்கம் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குக்கும் இதே விதிதான். தளர்ந்த பெல்ட் ஒரு பெல்ட்டைத்தான் தின்னும். இறுகிய பெல்ட் மோட்டாரை ரீவைண்டிங் கடைக்கு அனுப்பும்.

மாற்று வேலை

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பிரஷர் சுவிட்ச் உள்ள கம்ப்ரசர் நிற்பது ஓய்வில் இருப்பதால் இல்லை. டேங்கில் காற்று நிறைந்ததால் நிற்கிறது. யாராவது ஒரு வால்வைத் திறந்தால் 8 கிலோவில் அது தானே ஓட ஆரம்பிக்கும். ஸ்டாப் பட்டனை அமுக்கிவிட்டு கையை உள்ளே விடுவது கூடாது. மெயின் ஐசொலேட்டரை ஆஃப் செய்து பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்ள வேண்டும். ஃப்யூஸ் கட்டை உள்ள இடத்தில் மூன்றையும் பிடுங்கி எடுத்துவிட வேண்டும். பிறகு ஸ்டார்ட் பட்டனை அமுக்கி மெஷின் வரவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். டேங்க் டிரெயினைத் திறந்து கேஜ் பூஜ்யத்துக்கு வரும் வரை விட வேண்டும். இன்டர்கூலர் டிரெயினையும் திறக்க வேண்டும். ஸ்டேஜ்களுக்கு நடுவே தங்கிய காற்றும், நான்-ரிட்டர்ன் வால்வு கசிந்தால் டேங்க் காற்றும், பிஸ்டனைத் தள்ளி ஃப்ளைவீலைத் திருப்பிவிடும்.

ஃப்ளைவீலைக் கையால் சுற்ற வேண்டியிருந்தால் ஆரத்தையோ வெளி விளிம்பையோ பிடித்துச் சுற்ற வேண்டும். பெல்ட்டைப் பிடித்து இழுத்துச் சுற்றக் கூடாது. பெல்ட் புல்லிக்குள் நுழையும் இடத்தில் விரல் மாட்டினால் கையை உருவ நேரமிருக்காது. மின்சாரம் இல்லாத மெஷினிலேயே விரல் நுனி போன பிட்டர்கள் இருக்கிறார்கள். கனமான ஃப்ளைவீல் ஒருமுறை உருள ஆரம்பித்தால் அதன் வேகத்திலேயே இழுத்துக்கொண்டு போகும்.

மோட்டாரின் நான்கு ஃபவுண்டேஷன் போல்ட்டையும் தளர்த்தி, மோட்டாரைத் தள்ளிப் பெல்ட்டை இறுக்கும் ஜாக் போல்ட்டைப் பின்வாங்கி, மோட்டாரை கம்ப்ரசர் பக்கம் நகர்த்தினால் பெல்ட் கையோடு கழன்று வரும். இந்த நீளத்துக்கு மோட்டார் உள்ளே வர சுமார் 35 மி.மீ. இடமும், பிறகு பெல்ட் நீள்வதற்கு வெளியே போகக் குறைந்தது 40 மி.மீ. இடமும் வேண்டும். இங்கே உள்ளே வர இடமே இல்லை. மோட்டார் நகரும் ரெயிலின் முன் முனையில் யாரோ ஒரு ஸ்டாப்பர் வெல்டு அடித்து வைத்திருந்தார்கள். நெம்பி ஏற்றியதன் காரணம் அதுதான். அதை கிரைண்டரால் எடுத்த பிறகு எல்லாமே சுலபமாயிற்று.

மோட்டார் புல்லி மாற்றப்பட்டது: வார்ப்பிரும்பு, மூன்று பள்ளம், பி செக்ஷன், 200 பிட்ச் விட்டம், முக அகலம் 63 மி.மீ., டேப்பர் புஷ் 2517 (புல்லியை ஷாஃப்டில் இறுக்கிப் பிடிக்கும் சாய்வான உள்வளையம்), மோட்டார் ஷாஃப்டுக்கு 42 மி.மீ. போர், 12 × 8 கீ. புஷ்ஷின் வெளிச்சாய்வையும் புல்லியின் உட்சாய்வையும் துணியால் வறட்டுத் துடைப்பாகத் துடைத்து மாட்ட வேண்டும்; கிரீஸோ ஆயிலோ கூடாது. ஸ்க்ரூவை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக 50 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, புஷ்ஷின் முகத்தில் மரக்கட்டை வைத்து சுத்தியலால் தட்டி, மறுபடி அதே டார்க்குக்கு இறுக்க வேண்டும். புல்லி மோட்டார் பேரிங்குக்கு முடிந்தவரை அருகில் இருக்கட்டும். தள்ளித் தள்ளி வைத்தால் அதே பெல்ட் இறுக்கம் பேரிங்குக்கு அதிக பாரமாகத் தெரியும்.

மோட்டாரை வெளியே எடுத்து புல்லி பக்கத்து பேரிங்கையும் மாற்றினார்கள். அது 6309. ரேஸில் பந்து ஓடிய பாதை ஒரு பக்கமாக ஒதுங்கி, உதிர்ந்து சொரசொரத்திருந்தது.

அலைன்மென்ட்

மோட்டாரைப் பழைய ரெயிலில் வைத்து, ஃப்ளைவீலின் முகத்தில் நேர்ப்பட்டையைப் படிய வைத்து மோட்டார் புல்லி வரை நீட்டினார்கள். பட்டை மோட்டார் புல்லியின் அருகு விளிம்பைத் தொட்டது. தூர விளிம்பில் 3.5 மி.மீ. இடைவெளி. 200 மி.மீ.க்கு 3.5 என்றால் ஒரு டிகிரி. வி-பெல்ட்டுக்கு அரை டிகிரிதான் எல்லை. காரணம் எளிது: ரெயிலில் ஜாக் போல்ட் ஒரு மூலையில் மட்டுமே இருந்தது. இறுக்கும்போதெல்லாம் அந்த மூலை மட்டும் தள்ளப்பட்டு, மோட்டார் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் திரும்பியது. டென்ஷன் ஏற ஏற அலைன்மென்ட் கெட்டது. மூன்று பெல்ட்டிலும் ஒரே பக்கத் தேய்மானம் வந்தது இங்கிருந்துதான்.

இரண்டாவது ஜாக் போல்ட்டுக்கு ஒரு பிராக்கெட் வெல்டு செய்யப்பட்டது. பிறகு நேர்ப்பட்டை நான்கு இடத்திலும் தொடும்வரை, அதாவது ஃப்ளைவீலில் இரண்டு, மோட்டார் புல்லியில் இரண்டு, மோட்டார் சரிசெய்யப்பட்டது. பட்டை இல்லாவிட்டால் மெல்லிய நூலை விறைப்பாகப் பிடித்துப் பார்த்தாலும் இதே துல்லியம் வரும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இரண்டு புல்லியின் விளிம்புத் தடிமனும் வேறாக இருந்தால், முகம் முகத்தோடு சேர்ந்தாலும் பள்ளம் பள்ளத்தோடு சேராது. விளிம்பிலிருந்து முதல் பள்ளத்தின் நடு வரை இரண்டிலும் அளந்து, வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

டென்ஷன்

கட்டை விரலால் அமுக்கிப் பார்க்கும் பழக்கம் ஆளுக்கு ஆள் மாறும். ஸ்பிரிங் தராசு ஒன்று போதும். இரண்டு புல்லிகளுக்கு நடுவே பெல்ட் எதையும் தொடாமல் போகும் நீளம் இங்கே 590 மி.மீ. ஒரு மீட்டருக்கு 16 மி.மீ. என்ற கணக்கில் நடுவில் 9.4 மி.மீ. இழுக்க வேண்டும். பக்கத்துப் பெல்ட்களின் மேல் நேர்ப்பட்டையை வைத்துக்கொண்டால் இந்த அளவை ஸ்கேலால் படிக்கலாம். இந்த அளவு புல்லியில் பி பெல்ட்டுக்கு அதற்குத் தேவைப்படும் விசை 20 முதல் 30 நியூட்டன், அதாவது தராசில் 2 முதல் 3 கிலோ. புது பெல்ட்டை மேல் எல்லையின் 1.25 மடங்கில், சுமார் 3.8 கிலோவில் வைக்க வேண்டும். ஓடிப் பள்ளத்தில் படியும்போது அது தானே இறங்கும். தயாரிப்பாளரின் அட்டவணை கையில் இருந்தால் அதுவே முதல். இரண்டு ஜாக் போல்ட்டையும் ஒரே அளவு சுற்றிச் சுற்றி ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஃப்ளைவீலை நாலைந்து சுற்று சுற்றிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். மூன்று பெல்ட்டிலும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். கடைசியில் ஃபவுண்டேஷன் போல்ட்டை இறுக்கிய பிறகு அலைன்மென்ட்டை இன்னொரு முறை பார்க்க வேண்டும். போல்ட் இறுகும்போது மோட்டார் நகர்வது வழக்கம்.

மோட்டார் கனெக்ஷனைத் தொட்டதால் கார்டு போட்டதும் ஒரு கணம் மட்டும் ஓடவிட்டு, ஃப்ளைவீலில் உள்ள அம்புக்குறிப்படி சுற்றுகிறதா என்று பார்த்தார்கள். எதிர்ப்பக்கம் சுற்றினாலும் பிஸ்டன் காற்றை அமுக்கும், பிரஷரும் ஏறும்; ஆனால் ஃப்ளைவீல் காற்றை சிலிண்டரின் மேல் அடிக்காது. ஹெட் எரியும்வரை யாருக்கும் தெரியாது.

அரை மணி நேரம் லோடில் ஓடிய பிறகு ஒரு முறை, 24 மணி நேரம் ஓடிய பிறகு ஒரு முறை டென்ஷன் சரிபார்க்கப்பட்டது. புது பெல்ட் மாட்டி இந்த இரண்டாவது சோதனையை விடுபவர்கள்தான் அதிகம். முதல் நாளில்தான் பெல்ட் அதிகம் நீள்கிறது. டேக்கோமீட்டரில் இப்போது 1460-க்கு 640; வழுக்கல் 1.4 சதவீதம்.

மணலும் கார்டும்

பள்ளத்தைத் தேய்த்தது சிலிக்கா மணல். கம்ப்ரசர், வார்ப்புகளைச் சுத்தம் செய்யும் ஃபெட்லிங் ஷெட்டின் சுவரோரம் நின்றது. கார்டு முழுத் தகடு. மேலே திறந்த பிளவு வழியாகத் தூசி உள்ளே விழுந்தது, வெளியேற வழியில்லை. கழற்றியபோது அடித்தகட்டில் மணல் மேடாகக் கிடந்தது, பெல்ட் ஒவ்வொரு சுற்றிலும் அதை வாரிக்கொண்டு போனது. தகட்டு கார்டு ஃப்ளைவீலுக்குக் காற்று வரும் வழியையும் அடைத்திருந்தது.

கார்டே வேண்டாம் என்று கழற்றி வைப்பது பதிலாகாது. சுழலும் பாகங்களுக்கு வேலி போட வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவே சொல்லியிருந்தது. விரல் நுழையாத கம்பி வலை கார்டு போட்டார்கள், அடித்தகடு இல்லாமல், தரையிலிருந்து தூக்கி. ஃபெட்லிங் பக்கத்துக்கும் கம்ப்ரசருக்கும் நடுவே தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். மெஷினை நல்ல காற்று வரும் வெளிப்பக்கத்துக்கே மாற்றியிருந்தால் இன்னும் நல்லது. சக்ஷன் ஃபில்டரும் ஃபின்னும் சேர்ந்து பிழைத்திருக்கும். வாரம் ஒருமுறை மெஷினை நிறுத்தி, பூட்டுப் போட்டு, பள்ளத்தையும் பெல்ட்டையும் உலர்ந்த துணியால் துடைப்பது வேலைப்பட்டியலில் சேர்ந்தது. ஏர் கன்னால் ஊதக் கூடாது. சிலிக்கா தூசியை ஊதிக் கிளப்பினால் அது நுரையீரலுக்குப் போகும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதுவும் பெல்ட்டில் படக் கூடாது. டிரெஸ்ஸிங் ஸ்பிரே ஸ்டோரிலிருந்தே எடுக்கப்பட்டது.

பற்கள் வெட்டிய பிஎக்ஸ் பெல்ட்டுக்கு மாறலாமா என்ற கேள்வி வந்தது. அது வளைவில் குறைவாகச் சூடாகும், சின்ன புல்லியில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் பக்கத்தில் துணி உறை இல்லாத பெல்ட் அது. மணல் அதன் ரப்பரில் நேரடியாகப் பதியும். 200 மி.மீ. புல்லியில் உறை போட்ட சாதாரண பி பெல்ட்டே போதும். மூன்றையும் முதுகில் சேர்த்து ஒட்டிய பேண்டட் பெல்ட், நீண்ட சென்டர் தூரத்தில் பெல்ட் துடிக்கும் மெஷின்களுக்கு ஏற்றது. தேய்ந்த பள்ளத்தில் அதைப் போட்டால், பெல்ட் கீழே இறங்கி, பள்ளங்களுக்கு நடுவே உள்ள முகடு அதன் முதுகை அறுத்துவிடும்.

ஸ்பேர் செட் ஒன்று இப்போது ஸ்டோரில் இருக்கிறது. முன்பு ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் பெல்ட் கூர்மையாக மடிந்து உள் நூல் கெடும். இப்போது அகலமான உருளைக் கட்டையில், உலைச் சூடு வராத, வெயில் படாத மூலையில், வெல்டிங் செட்டிலிருந்து தள்ளித் தொங்குகிறது. கூடவே 50 மி.மீ. பி பெல்ட் துண்டு ஒன்றும் கம்பியில் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. மாதம் ஒருமுறை டென்ஷனும் ஃப்ளைவீல் ஆர்பிஎம்மும் லாக் புக்கில் எழுதப்படுகின்றன. 630-க்குக் கீழே இறங்கினால், டென்ஷனைத் தொடும் முன் அந்தத் துண்டை எடுத்து மூன்று பள்ளத்திலும் வைத்துப் பார்ப்பது என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.